பியானோ என்றால் மெதுவாக

1

பிள்ளைகளே, நம் சபை இதழில் உங்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் பக்கங்களுக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். பனி கொட்டுவது, கண்ணாடி மாதிரி ரோடு, இப்படி எதையாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தேன். இத்தாலிக்கு வந்தும் டேனரி வேலைதான். ஊர் சுற்றிப் பார்த்ததெல்லாம் கம்மி. அதனால் இங்கே கற்றுக்கொண்ட ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். அந்தச் சொல் பியானோ.

அது எங்களுக்கே தெரியுமே என்பீர்கள். நமக்குத் தெரிந்த பியானோ சர்ச்சில் பீடத்துக்கு இடது பக்கம், ஸ்டாண்டின் மேல் துணி போட்டு மூடியிருக்கும் கீபோர்டு. அதை நாம் எல்லோரும் பியானோ என்றுதான் சொல்லி வளர்ந்தோம். என் தம்பி டேவிட் அதை வாசித்தான். சனிக்கிழமை ஷிப்ட் முடித்து, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத தோல் வாடையோடு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்காருவான். எங்கள் தெருவில் டேவிட்டுகள் ஜாஸ்தி. அதனால் அவனுக்குப் 'பியானோ டேவிட்டு' என்று பெயர். அவன் மகன் ஜான்சன் ஒரு பாட்டுக்கூட வாசிக்கமாட்டான். இருந்தும் அவனை இன்றைக்கும் 'பியானோ புள்ள' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

டேவிட் செத்துப்போனது நீங்கள் பிறப்பதற்கு முன்னால். ஆனாலும் உங்களுக்கு அவனைத் தெரியும். வருஷா வருஷம் இந்த மாதம் போதகர் அவன் பெயரைச் சொல்லி ஜெபம் செய்வார். டேனரிக் கழிவுத் தொட்டிக்குள் விழுந்த நண்பனைத் தூக்க இறங்கி, தானும் செத்தவன். அந்த நினைவு நாள் நெருங்குகிறது. அதனால்தான் எனக்குப் பனியைப் பற்றி எழுத வரவில்லை.

2

எங்கள் டேனரிக்கு மெஷின் பூட்ட வந்த இத்தாலிக்காரர் ஒருவர் மூலமாகத்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. இது இத்தாலியின் வடக்கே ஒரு சின்ன ஊர். காலையில் ஜன்னலைத் திறந்தால் நம்ம ஊர் வாடைதான் வரும். வந்த புதிதில் அதுவே ஒரு ஆறுதல்.

முதல் நாள் ஈரத் தோல்களை மேசைமேல் பிரித்துப் போடும் வேலை கொடுத்தார்கள். ஆம்பூரில் கை நின்றால் சூப்பர்வைசர் குரல் வரும். அந்தப் பயத்திலேயே பழகின கை. நான் பாட்டுக்கு அடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ரெனாத்தோ என்று ஒரு மேஸ்திரி, யானை மாதிரி ஆள், என் தோளில் கை வைத்து, "பியானோ, பியானோ" என்றார். எனக்கு ஆச்சரியம். இவருக்கு எப்படித் தெரியும்? "நோ, நோ. மை பிரதர்" என்று சொல்லி, காற்றில் விரல்களை ஆட்டி வாசித்துக் காட்டினேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்து, தோலை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக, குழந்தைக்குப் போர்வை போடுகிற மாதிரி விரித்துக் காட்டினார். "பியானோ" என்றார் மறுபடியும்.

இந்த ஊரில் அதுதான் அர்த்தம். மெதுவாக. அவசரப்படாதே.

போகப் போக அந்தச் சொல் எங்கே பார்த்தாலும் வந்து நின்றது. கட்டடத்தின் மாடியும் பியானோ. நாங்கள் இருப்பது மூன்றாவது பியானோ, லிப்ட் கிடையாது. சமையலறையில் அடுப்பு பதித்திருக்கும் மேடையும் பியானோ. மேடு பள்ளமில்லாத நிலம் பியானோ. திட்டம் போட்டு எழுதி வைத்தால் அதுவும் பியானோ. யார் எப்போது லீவு எடுப்பது, தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓடுவது, எல்லாவற்றுக்கும் சுவரில் ஒரு பியானோ ஒட்டியிருப்பார்கள். குரலைத் தாழ்த்து என்பதற்கும் அதே சொல். வாத்தியம் எனக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. அந்த வாத்தியத்தின் முழுப் பெயர் நீளமாம். மெதுவாகவும் பேசும், சத்தமாகவும் பேசும் என்று பெயர் வைத்தார்களாம். நாளாக ஆகப் பாதிப் பெயர் விழுந்துபோய் மெதுவானது மட்டும் நின்றுவிட்டது என்று என் மகள் ரூத் சொன்னாள்.

என் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. "அடுப்பும் பியானோ, மாடியும் பியானோன்னா இன்னா ஊருங்க இது? வார்த்தைக்குக்கூட பஞ்சமா இவங்களுக்கு?" என்றாள்.

3

டேவிட் செத்த செய்தி போனில் வந்தபோது நான் இங்கே வந்து ஒரு குளிர்காலம்தான் முடிந்திருந்தது. என் தங்கும் அனுமதி புதுப்பிக்கப் போயிருந்தது. கையில் ஒரு ரசீதுதான். அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அனுமதி போனால் வேலை போகும். அங்கே அம்மாவும் எஸ்தரும் ஜான்சனும் இனிமேல் என் கையைத்தான் பார்க்க வேண்டும். எஸ்தர் டேவிட்டின் மனைவி. ஜான்சன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான்.

அனுமதி கொடுக்கும் போலீஸ் ஆபீசுக்கு ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மா. பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன். என் தம்பி செத்துவிட்டான், நான் இந்தியா போக வேண்டும். அவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "தெர்ஸோ பியானோ" என்றார்.

பியானோ எனக்குத் தெரியும். மெதுவாகச் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்து, மறுபடியும் மெதுவாகச் சொன்னேன். என் தம்பி. செத்து. விட்டான். அவர் சலிப்போடு இன்னும் சத்தமாக, "தெர்ஸோ பியானோ!" என்றார். இன்னும் மெதுவாகச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி. செத்துவிட்டான் என்ற சொல்லை இவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் என் கையைப் பிடித்துப் படிக்கட்டைக் காட்டினார். மூன்று விரல்களைத் தூக்கினார். மூன்றாவது மாடி.

ஏறினேன். கதவு பூட்டியிருந்தது. மத்தியானத்துக்கு மேல் அந்த ஆபீஸ் கிடையாது.

ஆம்பூரில் அவர்கள் எனக்காக வைத்திருக்க முடியாது, வெயில் காலம். டேவிட்டை அடக்கம் செய்துவிட்டார்கள். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

4

அன்றைக்கு அங்கே நடந்ததை நான் பிற்பாடு ஊருக்குப் போனபோது பக்கத்தில் நின்றவர்கள் வாயால் கேட்டேன். ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிச் சொன்னாலும் நடந்தது இதுதான்.

சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த கழிவுத் தண்ணீரோடு ஆசிட் தண்ணீர் சேர்ந்தால் கேஸ் கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். கேஸ் ஜாஸ்தியானால் மூக்கு செத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று தோன்றும். அப்படித்தான் அடைப்பு எடுக்க அன்வர் இறங்கினான். டேவிட்டுக்குச் சின்ன வயசிலிருந்து தோஸ்த். ஏணியில் பாதி இறங்கும்போதே துணி மாதிரி விழுந்தான். மேலே நின்ற டேவிட் ஒரு நொடி யோசிக்கவில்லை. "அன்வரு!" என்று கத்திக்கொண்டே இறங்கினான். அவனும் எழுந்திருக்கவில்லை. அவனைத் தொடர்ந்து, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பையன் இறங்கினான்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூவரும் வழியிலேயே முடிந்திருந்தார்கள்.

அன்வரைக் கபர்ஸ்தானுக்கும் மற்ற இருவரைக் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரே சாயங்காலம் எடுத்துப்போனார்கள். ரெண்டு ஜனமும் ரெண்டு இடத்துக்கும் போனது. பைபாஸ் வரைக்கும் பேனர். டேவிட் படத்துக்குக் கீழே 'நண்பனுக்காக உயிர் கொடுத்த நல்லவன்' என்று போட்டிருந்தது. அன்வரின் வாப்பா எஸ்தர் வீட்டு வாசலில் நின்று, "உன் வூட்டுக்காரன் மாதிரி ஒர்த்தன் எம்புள்ளைக்கு தோஸ்தா கெடச்சான்மா" என்று கும்பிட்டாராம்.

நம்ம ஊர் டேனரிகளில் இது ஒரு வழக்கம். யாரும் சொல்லித் தருவதில்லை, யாரும் மீறுவதுமில்லை. கூட நிற்கிறவன் விழுந்தால் இறங்க வேண்டும். யோசித்து நின்றவனை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள். 'அவன் செத்துனு கீறான், இவன் நின்னு பாத்துனு இருந்தான்' என்பார்கள். டீக்கடையில் அவன் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். நானும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவன்தான். என் தம்பி இறங்கினான் என்று கேட்டதும் அழுகையோடு ஒரு பெருமை வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

5

அந்தப் பெருமை பல்விந்தர் விழுந்த அன்றைக்குத்தான் உடைந்தது.

பல்விந்தர் பஞ்சாப்காரன். எங்கள் டேனரியில் என்னோடு ஒரே லைனில் நிற்பான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பஞ்சாபி தெரியாது. இரண்டு பேருக்கும் பாதி பாதி தெரிந்த இத்தாலி பாஷையில் மாமியார் கதையெல்லாம் பேசுவோம். ஒரு நாள் கழிவுத் தொட்டிப் பக்கம் மூடியைத் திறந்து பம்பைப் பார்க்கக் குனிந்தான். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தபோது ஆள் மேலே இல்லை.

ஓடினேன். ஏணியில் கால் வைத்தேன். பின்னாலிருந்து இரண்டு கைகள் என் இடுப்பைச் சுற்றித் தூக்கின. ரெனாத்தோ. "பியானோ! பியானோ!" என்று என் காதில் கத்தினார். நான் உதைத்தேன். தமிழில் கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். உள்ளே ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான், இந்த ஆள் மெதுவாகப் போகச் சொல்கிறானே என்று வெறி வந்தது. குனிந்து அவர் முன்கையைக் கடித்தேன். ரத்தம் என் வாயில் உப்புக் கரித்தது. அவர் விடவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பியானோவில், ஆள் விழுந்தால் என்ன செய்வதென்று போட்டிருந்த மாதிரியே ஒருவன் அலாரம் அடித்தான், இரண்டு பேர் முகமூடியும் காற்று சிலிண்டரும் மாட்டினார்கள், இடுப்பில் கயிறு கட்டினார்கள், கயிறை நாலு பேர் பிடித்தார்கள், அப்புறம்தான் ஒருவன் இறங்கினான். அந்த நேரம் முழுக்க நான் ரெனாத்தோ கைக்குள் தொங்கிக்கொண்டிருந்தேன்.

பல்விந்தரை உயிரோடு தூக்கிவிட்டார்கள். ஆனால் பழைய பல்விந்தர் வரவில்லை. பாதிப் பேச்சில் நிறுத்திவிடுவான். டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும். அவன் அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ரெனாத்தோவின் கையில் கட்டு. மன்னிப்புக் கேட்டேன். அவர் மெதுவாக, எனக்குப் புரியும்படி சொன்னார்: "நான் உன்னை விட்டிருந்தால் இரண்டு பேரைத் தூக்க வேண்டியிருக்கும். கயிறு ஒன்றுதான்."

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். அன்வர் விழுந்தபோது டேவிட்டின் இடுப்பைப் பிடிக்க ஒரு கை இல்லை. அவன் இறங்கினதால் அன்வர் பிழைக்கவில்லை. அவனைப் பார்த்துத்தான் அந்தப் பையனும் இறங்கினான். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? எஸ்தரிடமா?

6

ரூத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரூத் இங்கேயே பிறந்தவள், இப்போது பதினைந்து. எங்களோடு தமிழில் ஆரம்பிப்பாள், பாதியில் இத்தாலிக்குத் தாவிவிடுவாள். அவள் கோபம், கனவு எல்லாம் அந்தப் பாஷையில். எனக்குத் தெரியாத வீடு ஒன்றை என் வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டு அதில் இருக்கிறாள்.

நம்ம ஆளுங்க போனில் பேசுவது உங்களுக்குத் தெரியும். ஆம்பூருக்குக் குரலே போய்ச் சேர வேண்டும் என்கிற மாதிரிப் பேசுவோம். பஸ்ஸில் நான் அப்படிப் பேசும்போது ரூத்தின் முகம் சிவந்துவிடும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பல்லைக் கடித்து, "பியானோ, பப்பா" என்பாள். எல்லாரும் பார்க்கிறார்கள். நானும் பாதிப் பேச்சில் போனை வைத்துவிடுவேன்.

அவள் மியூசிக் கிளாஸ் போகிறாள். வீட்டில் ஒரு கீபோர்டு வாங்கி வைத்திருக்கிறோம். கீழ் வீட்டுக்காரர் புகார் கொடுத்ததால் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வாசிப்பாள். எனக்கு விரல் படுகிற டக் டக் சத்தம் மட்டும் கேட்கும். சமையலறை வாசலில் நின்று அந்த விரல்களைப் பார்ப்பேன். சுண்டு விரலைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொள்வாள். டேவிட் அப்படித்தான் வைத்துக்கொள்வான். அவனை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

7

சில மாதம் முன்னால் ஜான்சன் போன் செய்தான். குரலில் துள்ளல்.

"பெரியப்பா, வேல கெடச்சுட்ச்சு!"

"எங்கடா?"

"அப்பா கம்பெனிலதான். முதலாளியே கூப்ட்டாரு. டேவிட்டு புள்ளையா, நாளைக்கே வந்து சேந்துக்கோன்னாரு."

"இன்னா செக்ஷன்?"

கொஞ்சம் தயங்கினான். "கழிவுத் தண்ணிப் பக்கம். பம்ப் பாத்துக்கணும், அவ்ளோதான். தொட்டிக்குள்ள எறங்கற வேலல்லாம் இல்ல."

"உங்கப்பனுக்கும் அது வேல இல்லடா."

அவன் பேச்சை மாற்றுவதற்குள் கேட்டேன்.

"ஜான்சா, பக்கத்துல நிக்கறவன் உள்ள வுழுந்துட்டா இன்னா பண்ணுவ?"

"இன்னா கேள்வி இது? எறங்கித் தூக்குவேன்."

"எறங்காத."

"இன்னா?"

"எறங்காத. மத்தவனையும் எறங்க வுடாத. மாஸ்க் வர்ற வரைக்கும் நில்லு."

"எங்கப்பா நிக்கலையே."

"அதனாலதான்டா சொல்றேன்."

பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்டது. "அப்ப எங்கப்பா செத்தது வேஸ்ட்டுன்றீங்களா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள், "அங்க குளு குளுன்னு உக்காந்துனு சொல்றது ஈஸி பெரியப்பா" என்று கட் செய்துவிட்டான்.

அன்றைக்கே எஸ்தர் கூப்பிட்டாள். அவள் என்னிடம் குரல் உயர்த்தினதே இல்லை.

"அவங்கிட்ட இன்னா சொன்னீங்க மாமா? வந்ததுலேர்ந்து மூஞ்சத் தூக்கி வெச்சினு கீறான்."

சொன்னேன்.

"அவரு போனப்பறம் எனக்கு மிஞ்சினது அந்தப் பேரு ஒண்ணுதான் மாமா. பஸ்ஸுல ஏறினா டேவிட்டு சம்சாரம்னு எழுந்து எடம் குடுப்பாங்க. எம்புள்ள அப்பன் இல்லாம வளந்தான், ஆனா தல குனிஞ்சு வளரல. அதையும் எடுத்துக்காதீங்க."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அந்தப் பேர்தான் அவள் மகனை அந்தத் தொட்டி விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. என் தம்பியின் பேரைக் காப்பாற்றினால் அவன் மகன் போவான். மகனைக் காப்பாற்ற வேண்டுமானால் பேரைத் தொட வேண்டும். எது பெரிது என்று எனக்குத் தெரியும். அதை எந்த வாயால் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

8

நான் போன் செய்தால் ஜான்சன் எடுக்கவில்லை. டேனரிச் சுவரில் இருந்த அந்தப் பியானோவைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. இத்தாலியில் எழுதியிருப்பது அவனுக்கு எப்படிப் புரியும்? நான் தமிழில் எழுத உட்கார்ந்தால் நாலு வரிக்குள் அறிவுரையாகிவிடுகிறது.

ரூத் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "ஜான்சன் அண்ணா கோபமா?" என்றாள். முழுக் கதையையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன். கடித்ததையும் சொன்னேன். பாதி தமிழ், பாதி இத்தாலி. அவள் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கேட்டாள். அப்புறம் என் போனை வாங்கி, போட்டோவைப் பார்த்துப் பார்த்து, அண்ணனுக்கு ஒரு வாய்ஸ் அனுப்பினாள்.

"அண்ணா. நான் ரூத். ஆள் விழுது, நீ ஓடாதே. முதல் கத்து. அப்புறம் மாஸ்க். அப்புறம் கயிறு. கயிறு நாலு ஆள் பிடிக்குது. மாஸ்க் இல்லையா, நீ போகாதே. மெதுவா, அண்ணா. நான் உன்னை ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். இன்னும் பார்க்கணும்."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. சிரிப்போடு. "ஏ ரூத்து, உன் தமிழக் கேட்டா கேஸே பயந்து ஓடிடும்!" சிரிப்பு அடங்கி, வேறு குரலில் ஒரு வரி: "இங்க மாஸ்க்கு இல்ல. கேட்டேன், ஆர்டர் போட்டுக்கீதுன்றாங்க. நானே பஜார்ல நல்ல கயிறா ஒண்ணு வாங்கி பம்ப் ரூம்ல வெச்சிருக்கேன். பெரியப்பாகிட்ட சொல்லு."

9

இதுவரைக்கும் எழுதி, அனுப்பலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். இனி எழுதுவது நேற்றைய விஷயம்.

சாயங்காலம் ரூத்தை மியூசிக் கிளாஸிலிருந்து கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஜான்சனிடமிருந்து போன். எடுத்ததும் மூச்சு மட்டும் கேட்டது.

"பெரியப்பா, நான் எறங்கல."

"இன்னாடா ஆச்சு?"

"கோவிந்தண்ணன் வுழுந்துட்டாரு. கான்ட்ராக்ட்ல வேல செய்றவரு. மூடியத் தெறந்தவரு அப்பிடியே உள்ள போய்ட்டாரு. அவரு மச்சானும் எங்கூடத்தான் நின்னுனு இருந்தாரு. அவரு எறங்கப் போனாரு. நான் இடுப்பக் கட்டிப் புடிச்சுகினேன். கயிறப் போட்டோம். கோவிந்தண்ணே, கயிறப் புடிண்ணேன்னு கத்தனோம். அவரு புடிக்கல பெரியப்பா. எதிர்லயே கயிறு கெடந்துச்சு. ஃபயர் வண்டி வர்ற வரைக்கும் நான் அந்த மச்சான வுடல. வண்டி வந்துச்சு, தூக்குனாங்க." நிறுத்தினான். "செத்துட்டாரு."

"நீ..."

"எல்லாரும் என்னையே பாத்தாங்க. டேவிட்டு புள்ளையாடா நீன்னு ஒர்த்தரு கேட்டாரு. கோவிந்தண்ணன் சம்சாரம் வந்துச்சு. எதுவும் கேக்கல. சும்மா என் கையப் பாத்துனே நின்னுச்சு. நான் எறங்கியிருந்தா அவரு பொழச்சிருப்பாரா பெரியப்பா?"

பிழைத்திருக்கமாட்டார் என்று சொன்னேன். அதுதான் உண்மை என்று நினைக்கிறேன். ஆனால் பிள்ளைகளே, பல்விந்தர் பிழைத்தான், கோவிந்தன் பிழைக்கவில்லை. பல்விந்தருக்கு அங்கே முகமூடி தயாராக இருந்தது, கோவிந்தனுக்கு இல்லை. நின்றவனுக்கு உயிர் மிஞ்சும். விழுந்தவனுக்கு மிஞ்சும் என்று சொல்ல முடியாது. இதை உங்களிடம் மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. ஜான்சன் இனிமேல் அந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும். அவனைப் பார்த்தால் நீங்களாவது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அவன் கட்டிப் பிடித்த அந்த மனிதர் நேற்று வீட்டுக்குப் போனார். நாளைக்கு உங்களில் யாராவது அந்த விளிம்பில் நின்றால், பக்கத்தில் நிற்கிறவன் இடுப்பைப் பிடியுங்கள். விடாதீர்கள். இதை எழுதத்தான் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தேன்.

நான் பதில் சொன்னதும் அந்தப் பக்கம் போன் கை மாறியது. எஸ்தர். அவள் என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

"மாமா."

"சொல்லும்மா."

"இவங் கையில பல்லு பதிஞ்சிருக்கு மாமா. அந்தாளு கடிச்சுட்டாராம். நல்லா ஆழமா. மஞ்ச அரச்சிப் போட்டுனு கீறேன்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அப்பிடிக் கடிச்சும் வுடலையாம்."

"ம்."

"அன்னிக்கு உங்க தம்பியவும் ஒர்த்தராச்சும் இப்பிடிப் புடிச்சிருந்தா..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. இத்தனை வருஷமாக நினைவு நாள் ஜெபத்தில்கூட அடக்கமாக, முந்தானை ஓரத்தில் துடைத்துக்கொண்டு அழுதவள், வாய்விட்டு அலறினாள். அந்தச் சத்தம் போனைத் தாண்டி வந்தது. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவரும் கண்ணாடியில் பார்த்தார். நானும் அழுதேன், சத்தம் போட்டுத்தான்.

ரூத் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நேற்று அவள் பியானோ என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பவுமில்லை. போன் என் காதிலிருந்து நழுவாமல், என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பஸ் நிற்கும் வரைக்கும் இருந்தாள்.